சும்மா இருக்கச் சொன்னபோது எண்ணிய கை

வலது கை செத்துப்போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பாடியில் லேத் பட்டறையில் இருபது வருஷம் இரும்பு கடைந்த கை. பக்கவாதம் வந்து தொங்கியது. சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவாள். அவள்மேல் எரிந்து விழுவேன். அல்லாஹ்வையும் விடவில்லை. கையேந்திப் பணிந்து துஆ கேட்டேன் என்று சொன்னால் பொய். சண்டை போட்டேன்.

தொழுது முடித்ததும் வலது கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, அல்லாஹ்வைத் துதிக்கும் திக்ர் எண்ணுவோம் இல்லையா? அதுவும் போச்சு. "இடது கையால எண்ணிக்கோங்க, குத்தமில்ல" என்றார் எங்கள் பூந்தமல்லிப் பள்ளிவாசல் ஹஜ்ரத். மாட்டேன் என்றேன். "இந்தக் கையைக் கொடுத்தவன் பாக்கட்டும்." விரல் அசையாது. ஆனாலும் ஒவ்வொரு கணுவையும் தொடுவதாக முக்கி முக்கி முப்பத்து மூன்று எண்ணுவேன். பக்தி இல்லை, வீம்பு.

ரமலான் முடிந்த வாரம், ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு, என் கைக்குப் பயிற்சி கொடுக்கும் டாக்டர் அனுப்பினார். கை அசையும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று வெளிச்சத்தை வைத்துப் பார்க்கிறார்களாம். கவிதா என்ற பெண் என் தலையில் ஒரு தொப்பியை மாட்டினாள். உள்ளே குட்டிக் குட்டி விளக்குகள். வெளிச்சம் மண்டைக்குள் போய்த் திரும்பும். வேலை செய்யும் இடத்தில் ரத்தம் கூடும், அது திரையில் தெரியும்.

"முடி இருந்தா வெளிச்சம் மறைக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல பாய்."

"வழுக்கைன்னு நேராவே சொல்லும்மா" என்றேன். கூட வந்திருந்த என் மனைவி சிரித்துவிட்டாள்.

கவிதா இடது கையை மடக்கச் சொன்னாள், மடக்கினேன். வலது கையை முயற்சி பண்ணச் சொன்னாள். அசையாத கையை என்னத்தை அசைப்பது? கடுப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "இப்ப சும்மா இருங்க" என்றாள். சும்மா இருக்கும் நேரத்தில் எனக்கு என்ன வேலை? வழக்கம்போல திக்ர் எண்ண ஆரம்பித்தேன்.

இப்படியே நாலைந்து தடவை. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா பாய் நீங்க? அசைக்கச் சொன்னா சும்மா கீறீங்க, சும்மா இருக்கச் சொன்னா அசைக்கிறீங்க."

"நான் எங்கம்மா அசைச்சேன்? சுபுஹானல்லாஹ் எண்ணிகினு இருந்தேன்."

"எந்தக் கையில?"

வலது கையைக் கண்ணால் காட்டினேன்.

அவள் எழுந்து வந்து திரையை என் பக்கம் திருப்பினாள். மூளையின் இடது பக்கம் ஓர் இடம் சிவப்பாக இருந்தது. "வலது கையை ஆட்டுற இடம் இதுதான். உயிரோட இருக்கு. நீங்க எண்ணும்போதெல்லாம் வேலை செய்யுது. இது வைத்தியம் இல்ல பாய், அளக்கிறதுதான். ஆனா எண்ணுறதை விட்டுறாதீங்க."

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன். நாலு மாதமாகப் பதிலே இல்லை என்று கத்தினேனே, ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உள்ளே பதில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அதன்பின் பயிற்சியே அதுதான். பயிற்சி டாக்டர் என் கட்டைவிரலைப் பிடித்துக் கணுவில் வைப்பார், நான் எண்ணுவேன். பக்ரீத் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் பிடிக்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் சுட்டுவிரலைத் தொட்டது. ஒன்று.

இன்று சட்டைப் பொத்தானை நானே போடுகிறேன். மேல் பொத்தான் இன்னும் தகராறு. பட்டறையில் அளவு பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. கோபம் குறைந்திருக்கிறது என்று மனைவி சொல்கிறாள், நான் நம்பவில்லை. எல்லாப் புகழும் அவனுக்கே.

சகோதரர்களே, அழகாகக் கேட்க வராவிட்டால் சண்டை போட்டாவது கேளுங்கள். விரல் அசையவில்லையே என்று எண்ணுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.