கெளுத்தி பாஸ் செய்த பரீட்சை

இன்று காலைச் செய்தித்தாளில் ஒரு படம். மைசூருக்குப் பக்கத்தில் வரப்போகும் வெளிநாட்டுத் தொழிற்சாலை, கழிவுநீரைப் பளிங்காக்கும் புது இயந்திரம், அதன் முன்னால் மீன்தொட்டி. சுற்றிக் கோட்டு போட்டவர்கள் பதினொரு பேர், மீன்கள் நான்கு. எண்ணி முடிக்காமல் எனக்குக் காப்பி இறங்காது.

இதே மைசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியிலும் இப்படியொரு தொட்டி இருந்தது. முதலீடு வெளிநாடு, இயந்திரம் வெளிநாடு. நாற்றம் மட்டும் உள்ளூர்த் தயாரிப்பு. வார்னிஷும் அழுகிய முட்டையும் கலந்த அந்த வாடை என் சட்டையோடு அக்ரஹாரம் வரை பஸ்ஸில் வரும். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அது ஒரு வசதி.

சுத்திகரித்த தண்ணீரில் மீன் பிழைத்தால்தான் அதைப் பின்னாலிருந்த ஏரியில் விடலாம் என்றது தலைமையகம். பார்வையிட ஒரு துரை வருவதாக ஏற்பாடு. ஒத்திகைக்கு விட்ட தங்கமீன்கள் சாயங்காலமே மிதந்தன. மேனேஜர் கேண்டீன் பழனியைப் பிடித்துக்கொண்டார். "மீன் செத்தா ஃபேக்டரி பந்த். உன் கேண்டீனும் பந்த். கொத்தாயித்தா, புரிஞ்சுதா?"

பழனி பிழைக்க வந்த ராமாபுரத்துக்காரர். மனைவி ருக்கு அதே ஏரித் தண்ணீரை இறைத்துக் கீரை போட்டிருந்தார். எங்கள் மதியக் கூட்டு அதுதான். துரை வந்த அன்று தொட்டியில் கறுப்பாக, மீசையோடு, புது மீன்கள் துள்ளின. மேனேஜர் முதல் நான் வரை எல்லாரும் சுத்த சைவம். எங்களுக்கு மீன் என்றால் மீன்தான். இருபத்திரண்டு எண்ணினேன், இருபத்திரண்டும் உயிரோடு. துரை பழனிக்கும் கை கொடுத்தார்.

கார் போனதும் பழனி சிரித்தார். "கெளுத்திங்க சார் அது! சாக்கடையிலயே குடும்பம் நடத்துமுங்க."

ஏரிக்குக் குழாய் திறந்தார்கள். கொஞ்ச நாளில் ருக்கு, கருகிய கீரைக்கட்டைக் கேண்டீன் மேடையில் வீசினார். "இந்தா, இதுல கூட்டு வை. தொரையக் கூப்புட்டு ஊட்டி உடு."

"காண்ட்ராக்ட் போயிருமேன்னுதான், புள்ள..."

"இப்பப் பாத்தி போச்சே. அத எவன் குடுப்பான்?"

வரிச்சலுகை முடிந்ததும் கம்பெனி இன்னொரு ஏழை நாட்டைத் தேடிப் போய்விட்டது. இயந்திரத்தை ஒரு திருகாணி விடாமல் கழற்றிக்கொண்டு போனார்கள். பழனியும் ருக்குவும் ஊர் திரும்பினார்கள். ஏரியை யாரோ தூர்த்து மனை போட்டு விற்றார்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். ஒரு வீட்டு அம்மாள் மாடியில் பிளாஸ்டிக் வாளிகளில் கீரை வளர்க்கிறார். கீழேதான் இவ்வளவு இடம் கிடக்கிறதே என்று கேட்டேன்.

"இந்த மண்ணுல புல்லுகூட வரலே சார். மண்ணைக் கடையில பாக்கெட்லதான் வாங்கறோம்."