தொடரில் இரண்டு மின்குமிழ்கள்

போரால் ஊரில் மின்சாரம் நின்று மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோது நான் உயர்தரப் பரீட்சைக்கு மின்சாரம் படித்துக்கொண்டிருந்தேன். இணுவிலில் எங்கள் வீட்டுக் கூரையில் மின்குமிழ் மாட்டும் இடங்களிலெல்லாம் குளவி கூடு கட்டியிருந்தது. குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவரவும் தடை. அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் மின்னோட்டம், தடை, வலு என்று கொப்பி கொப்பியாக எழுதித் தள்ளினேன்.

ஒளியியலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயிலுக்கு யாரும் தடை போடவில்லை. அப்பாவின் வாசிக்கும் கண்ணாடியையும் அம்மாவின் தையல் நாடாவையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினால் குவியத் தூரத்தை அளந்துவிடலாம். ஒருமுறை அப்படி அளக்கப் போய், அவர் இன்னும் வாசித்து முடிக்காத பேப்பரில் பழுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. பொழுதுபட்டதும் ஜாம் போத்தல் விளக்கின் சுடரை அதே கண்ணாடியால் சுவரில் தலைகீழாக விழுத்துவேன். கொப்பியில் வந்த தூரமும் சுவரில் வந்த தூரமும் ஒன்றாக இருந்துவிட்டால் அன்று முழுக்க எனக்குத் தலைக்கனம்தான்.

மின்னியலில் அது நடக்காது. அங்கே விடை சரியா என்று பார்க்க ஒரே வழி, புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டுவது.

ஒருநாள் ரியூட்டரி வகுப்பில் பௌதிக சேர் ஒரு கணக்குச் சொன்னார். அறுபது வாற்று மின்குமிழ் ஒன்றும் நூறு வாற்று மின்குமிழ் ஒன்றும் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்து வீட்டு மின்சாரத்தில் கொடுக்கப்படுகின்றன. எது கூடப் பிரகாசமாக எரியும்? வகுப்பு முழுக்க நூறுக்குக் கை தூக்கியது. நானும் பாதி தூக்கிவிட்டு இறக்கினேன். சேர் விடை சொல்லவில்லை. "காரணத்தோடை எழுதிக்கொண்டு நாளைக்கு வாங்கோ" என்றுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்து செய்தேன். அறுபது என்று வந்தது. பிழை விட்டிருப்பேன் என்று மறுபடி செய்தேன். அறுபது. மூன்றாம் முறையும் அறுபது. கணக்கு சரி, ஆனால் மனம் ஒப்பவில்லை. எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இது பொய் என்றால் இரண்டு வருடமாக நான் எழுதியதெல்லாம் என்ன? ஓடாத ஒன்றைப் பற்றி யாரோ சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேனா?

அந்த நேரம் பார்த்து அண்ணை வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார். அவர் வர்த்தகம் படித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

"நூறு பெரிசோ, அறுபது பெரிசோ?"

"நூறு."

"அப்ப நூறுதான் கூட எரியும். உதுக்கு ஏன் மூண்டு பக்கம்?"

"தொடரிலை போட்டால் அப்பிடி இல்லை அண்ணை. ரெண்டுக்குள்ளாலையும் ஒரே ஓட்டம்தான் போகும். தடை கூடினதுதான் கூட எரியும். அறுபதுக்குத்தான் தடை கூட."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது பிள்ளை. கரண்ட் இருந்த காலத்திலை இந்த வீட்டுக்கு பல்ப் போட்டனான் நான்."

கரண்ட் நின்றபோது அவரும் அரைக் காற்சட்டையை விட்டு அதிக நாள் ஆகவில்லை. அவர் பெரிய மின்பொறியியலாளர் மாதிரிக் கதைத்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பந்தயம் என்றேன். என் வாய் எப்போதும் அப்படித்தான்.

பந்தயப் பொருள் தயாராக இருந்தது. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் தந்தது அண்ணையின் சைக்கிள் டைனமோ. பின்னேரச் செய்தி நேரத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் இருந்து றேடியோ பாடும். ஒருநாள் அவர் சுற்றுவார், ஒருநாள் நான். அரை மணித்தியாலம் சுற்றினால் தோள்மூட்டு கழன்றுவிடும். அதோடு, வெளிச்சத்தில் படிக்கக் கிடைக்கும் கடைசி அரை மணித்தியாலமும் அதுதான். தோற்றவர் என் உயர்தரச் சோதனை முடியும்வரை ஒவ்வொரு நாளும் சுற்றவேண்டும் என்று முடிவாயிற்று. சோதனைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

சைக்கிளின் முன்விளக்கிலும் பின்விளக்கிலும் இருந்த குமிழ்களைக் கழற்றினேன். அவற்றின் கழுத்தில் பொறித்திருந்த எழுத்தை அப்பாவின் கண்ணாடியைப் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. முன்குமிழ் மூன்று வாற்று. பின்குமிழ் ஒரு வாற்றுக்கும் குறைவு. நூறும் அறுபதும் இல்லாவிட்டால் என்ன, பெரியதும் சின்னதும் கிடைத்துவிட்டன. என் கணக்கின்படி சின்னது எரியவேண்டும். டைனமோவிலிருந்து ஒரு வயரைச் சின்னக் குமிழுக்கும், அங்கிருந்து பெரிய குமிழுக்கும், அங்கிருந்து சைக்கிளின் இரும்புக்கும் கட்டினேன்.

அப்பா ஒரு கையில் றேடியோவும் மறு கையில் கதிரையுமாக வந்து நின்றார்.

"செய்திக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு அப்பா" என்றேன்.

"கெதியாச் செய்யுங்கோ" என்றுவிட்டு அவரும் இருந்து பார்த்தார்.

அண்ணை சுற்றத் தொடங்கினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சின்னக் குமிழின் இழை சிவந்தது. மஞ்சளானது. நல்ல வெள்ளையாக எரிந்தது. பெரியது கறுப்பாகவே கிடந்தது, ஒரு சிவப்புக்கூட இல்லை. கொப்பியில் இருந்த ஓட்டம் இப்போது என் கண்ணுக்கு முன்னால் ஓடியது. கொப்பியில் எப்படிச் சொன்னேனோ, அப்படியே ஓடியது.

அண்ணைக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். "வயரைப் பிழையாக் கட்டியிருக்கிறாய். இன்னும் கொஞ்சம் சுத்தினால் பெரிசு பத்தும் பார்" என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார்.

அங்கேதான் நான் பிழை விட்டேன். கணக்குகளில் வரும் மின்சாரம் எப்போதும் இருநூற்று முப்பது வோல்ற்று. கூடாது, குறையாது. அதையே செய்து பழகியதால், இந்த மின்சாரம் அண்ணையின் கையிலிருந்து வருகிறது என்பதும், அந்தக் கைக்குக் கோபம் வரும் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. சின்னக் குமிழ் நீலமாக ஒருதரம் பளீரென்றது. பிறகு இல்லை.

"ரெண்டும் நூந்து போச்சு" என்றார் அண்ணை, பெடலை விட்டுவிட்டு. "ஒருத்தருக்கும் வெற்றி இல்லை."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. சண்டைக்கு வாயெடுத்தேன். அதற்கு முன் அப்பா எழும்பி வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் றேடியோவை வைத்தார்.

"நானும் கண்டனான். சின்னன்தான் எரிஞ்சது. றேடியோவைக் கொழுவு பிள்ளை. நீ சுத்து தம்பி" என்றார் அண்ணையைப் பார்த்து.

அன்று அண்ணை சுற்றினார். ஏழு மாதமும் சுற்றினார், முறுமுறுத்துக்கொண்டேதான். ஆனால் அந்த முதல் நாளே, செய்தி போய்க்கொண்டிருக்கும்போது, "எனக்கும் ஒருக்கால் விளங்கப்படுத்து" என்று மெதுவாகக் கேட்டார். நான் விளங்கப்படுத்த, அவர் யோசித்து யோசித்துக் கையைத் தளர்த்த, றேடியோ இழுபட்டது. "உதைப் பிறகு கதையுங்கோ" என்று அப்பா சத்தம் போட்டார்.

அன்றைக்கே விடையை எழுதினேன். அறுபது வாற்று. காரணம், சமன்பாடு, எல்லாம் ஒழுங்காக. கீழே கை சும்மா இருக்காமல் இன்னொரு வரியும் எழுதிவிட்டது: நேரில் பார்த்தேன்.

அடுத்தநாள் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு வந்த சேர் அந்த வரியில் நின்றார்.

"விடை சரி. எங்கை பாத்தனீர்?"

"கொழும்பிலையாம் சேர்" என்று கடைசி வாங்கிலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது.

நான் பையிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்துத் திறந்து, எரிந்துபோன சின்னக் குமிழை மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சேர் குமிழைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே அறுந்த இழை கிணுகிணுத்தது. சிரித்துக்கொண்டு அதை முன்வாங்கில் இருந்தவளிடம் கொடுத்தார். அவள் குலுக்கிக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் கொடுத்தாள். இரண்டு வருடமாகக் கரண்ட் கணக்குச் செய்துகொண்டிருந்த நாற்பது பேரும் ஒவ்வொருவராகக் காதில் வைத்துக் கேட்டார்கள். குமிழ் கடைசி வாங்குவரை போய்த் திரும்பி வரக் கால் மணித்தியாலம் எடுத்தது. அதுவரை சேர் அடுத்த கணக்கைத் தொடங்கவில்லை.