போன வழியிலேயே வந்த சம்பந்தி

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய எங்கள் ஆட்கள். திருவெள்ளறையிலிருந்து மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பாக்கள், அத்தைகள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் பிடித்திருந்த மண்டபத்தின் கேட் வரை வந்தவர், ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்துச் சந்தில் இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் இரண்டு அப்பாக்களும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டு மாற்றியாக வேண்டும். விட்டால், மறுநாள் ஆடி பிறந்துவிடும். ஒரு மாதத்தில் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா?

மண்டபத்தைப் பிடித்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் கையெழுத்துப் போடுகிற வேலை எதுவானாலும் என்னிடம்தான் வரும். ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சுவரில் ஆணி அடித்தால் ஐந்நூறு ரூபாய் அபராதம் என்பதெல்லாம் இருந்தது. அந்தக் கட்டடம் முன்பு இயற்கை வைத்திய ஆஸ்பத்திரி என்பது மட்டும் இல்லை.

மேனேஜர் அதை அன்று காலையில்தான், பெருமையாகவே சொன்னார். ஒரு டாக்டர் தென்னந்தோப்பை வாங்கிக் கட்டினாராம். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. வயிற்றில் ஈரமண் பூச்சு, நீராவிக் குளியல், வாழை இலையைச் சுற்றி வெயிலில் படுக்கவைப்பது, வேளாவேளைக்கு வெள்ளைப் பூசணிச் சாறு. வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து தங்கினார்களாம். பிறகு தில்லை நகர் முழுக்க ஆஸ்பத்திரிகள் வந்தன. பட்டினி கிடந்து குணமாக யாருக்கும் பொறுமை இல்லை. டாக்டர் காலமானபின் கொஞ்ச நாள் வாழைத்தார் குடோன். அதன்பின் மண்டபம். நோயாளிகள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த தொட்டிகளில் இப்போது சமையல்காரர்கள் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். மணமகள் அறைக் கதவில், பெயின்டுக்கு அடியிலிருந்து 'எனிமா' என்ற எழுத்துகள் எட்டிப் பார்த்தன. மாவிலைத் தோரணத்தை இறக்கிக் கட்டி மறைத்தேன்.

டீக்கடைக்கு நானும் அப்பாவும் ஓடினோம்.

"சம்பந்தி, ஏதாவது குறையிருந்தா சொல்லுங்க," என்றார் அப்பா.

"உங்க மேல ஒரு குறையும் இல்லீங்க. இந்த எடத்துல முட்டி வலிக்குப் படுத்திருந்தேன். மூணு நாள் பூசணிக்காத் தண்ணி. நாலாம் நாள் மதில் ஏறிக் குதிச்சு ஓடிட்டேன். இனிமே இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு வெள்ளறைப் பெருமாள் மேல சத்தியம். நல்ல காரியத்தன்னிக்கு அதை மீறச் சொல்றீங்களா?"

டீக்கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டபடியே, "அண்ணன் நம்ம பழைய கஸ்டமருங்க. உள்ள படுத்திருந்தப்ப மதிலுக்கு மேலதான் வடை குடுப்பேன்," என்றார்.

"முட்டி வலியோட எப்படி மாமா மதில் ஏறுனீங்க?" தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அதையேதான் தம்பி அந்த டாக்டரும் கேட்டாரு. குணமாயிட்டதுக்கு அதுதான் அத்தாட்சின்னு சொல்லி ஃபீஸை முழுசா வாங்கிட்டாரு."

அக்கா போனில் கூப்பிட்டாள். "என்னடா, வராரா இல்லையா? தலையில பூ வாடுது."

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவே சந்துக்கு வந்துவிட்டார். புருஷனைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "எதுக்குக் கெஞ்சிக்கிட்டு? போன வழியிலயே வரச் சொல்லுங்க. மதில் எங்கயும் ஓடிப்போயிடல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மாமா, சத்தியத்துல மதிலைப் பத்தி எதுவும் சொன்னீங்களா?"

அவர் வடையை மென்றபடி யோசித்தார். "இல்ல. கேட்டு மட்டுந்தான்."

பந்தல்காரரின் ஏணியை வாங்கிக்கொண்டு வந்தேன். வெளியே அப்பாவும் நானும் பிடித்துக்கொண்டோம். உள்ளே மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் கையை நீட்டியபடி நின்றார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியவர், மதில்மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததும், டீக்கடைக்காரர் பழைய பழக்கத்தில் ஒரு வடையை நீட்டினார். "சூடா இருக்குண்ணே." அவரும் அவசரப்படாமல் முழுசாகத் தின்று முடித்தார். ஆல்பத்தில் இன்றைக்கும் நன்றாக விழுந்திருக்கிற படம் அதுதான்.

அவர் உள்ளே இறங்கினார். மதிலின் மேல்வரிசைச் செங்கலும் கூடவே இறங்கியது.

தட்டு மாற்றும்போது ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் பாக்கி. பந்தியில் பூசணிக் கூட்டு இருந்தது. அவர் இலைக்கு மட்டும் போடவில்லை. போகும்போது கேட் வழியாகவே போனார். வெளியே போவதைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லையாம்.

சாயங்காலம் மேனேஜரிடம் ஒப்பந்தத்தை விரித்துக் காட்டினேன். ஆணிக்குத்தான் அபராதம் எழுதியிருக்கிறது, சம்பந்திக்கு இல்லை என்று வாதாடினேன். அவர் ஒப்பந்தத்தைப் பார்க்கவே இல்லை, மதிலைத்தான் பார்த்தார். செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி, அதோடு மதில்மேல் தின்ற அந்த ஒற்றை வடைக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது மூவாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.