ஜீப்புக்கு ஏழங்குல ரயர்

என் தங்கையைக் கட்டியவன் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தண்ணீரூற்று ஊரில் கதிர்காமநாதனைப் போல ஒரு சாரதி இன்னும் பிறக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டான். பத்து வருடம் மரம் ஏற்றும் லொறி ஓட்டியவன், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்து ஜீப் ஒன்றைப் பிடித்து, ஐம்பத்தொன்பதாம் ஆண்டிலிருந்து வாடகைக்கு ஓட்டினான். நாலு பேருக்கென்று செய்த வண்டி. எங்கள் பக்கத்தில் பத்துப் பேர் ஏறாமல் அது படலையைத் தாண்டியது கிடையாது.

ஊரிலிருந்து ஏழு மைல் தள்ளி, காடு வெட்டிப் புதிதாகக் குடியேறிய முப்பது குடும்பங்கள் இருந்தன. மாரி வந்தால் அந்தப் பாதை ஒரே களிச்சேறு. அரசாங்க மருத்துவிச்சி விமலேஸ்வரி, ஊருக்கு அவர் 'மிசி', அங்கே பிரசவம் பார்க்கப் போவதென்றால் கதிர்காமநாதனின் ஜீப்தான்.

முதல் மாரியிலேயே ஜீப் நடுக்களியில் புதைந்தது. சில்லு சுற்றச் சுற்ற அதன் வயிறு மண்ணில் தட்டிப் படுத்துவிட்டது. மிசி இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் எடுத்து, பையைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தார். தாயும் பிள்ளையும் மயிரிழையில் தப்பினார்கள்.

குடியேற்றத்து அப்புத்துரை தன் எருதுகளைக் கொண்டுவந்து ஜீப்பை இழுத்தெடுத்தார். "தம்பி, அடுத்த முறை பெற்றோலுக்குப் பதிலா வைக்கல் கொண்டு வா" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு கதிர்காமநாதனைச் சுடவில்லை. சுட்டது, முழங்கால் வரை சேறு அப்பிய மிசியின் கால்களும், திரும்பி வரும்போது அவர் சொன்ன சொல்லும்தான்: "இன்னொருக்கா நான் பிந்தினா ஒரு உயிர் போகும், கதிர்காமநாதன்."

அடுத்த மாரிக்கு முன் பெரிய ரயர் போடுவதென்று முடிவெடுத்தான். வண்டியோடு வந்தது ஆறங்குல அகல ரயர். பெரியது போட்டால் ஜீப்பின் வயிறு உயரும், களியிலும் அகலமாக மிதிக்கும். புரட்டாதியில் அவனும் நானும் வவுனியாவில் பாறூக் நானாவின் கடைக்குப் போனோம். ஏழங்குலமும் இருந்தது, ஏழரையும் இருந்தது.

"ஏழரையை எடு மச்சான்" என்றேன் நான். தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவனுக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும்? வாய் மட்டும் ஏழரை அங்குலம். "வாங்கிறதெண்டாப் பெரிசா வாங்கு. ஊர் பாக்கட்டும்."

பாறூக் நானாவும் "ஓம், அதுதான் சரி" என்றார்.

கதிர்காமநாதன் வெற்றிலைக் கடைக்குப் போய் ஒரு சிரட்டை சுண்ணாம்போடு வந்தான். மட்காட்டின் உட்பக்கத்திலும், முன்சில்லை அண்டிய இரும்புகளிலும் அதைத் தடிப்பாகப் பூசினான். ஏழரை ரயரைப் பூட்டி, ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுக்க வெட்டித் திருப்பி ஓட்டிப் பார்த்தான். ரயரில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பும் ஒட்டவில்லை.

"நான் சொன்னன் பாத்தியே!" என்று துள்ளினேன்.

"இப்ப ஏறுங்கோ" என்றான்.

"ஆர்?"

"எல்லாரும்."

நான், பாறூக் நானா, கடை ஆட்கள் மூவர், பஸ்ஸுக்கு நின்ற ஐந்து பேர். சும்மா ஓடுகிற வண்டியில் ஏறுவதற்கு எங்கள் சனத்துக்கு இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. ஜீப் தணிந்தது. ஸ்ரியறிங்கை மறுபடி முழுக்க வெட்டி, தெருவோரப் பள்ளத்தில் இறக்கினான். கறகறவென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், மட்காட்டில் உரசி ரயரின் ஓரமெல்லாம் வெள்ளை.

"ஆளில்லாத ஜீப்புக்கு இது நல்ல ரயர்" என்றான். "எங்கட ஊரில அப்பிடி ஒரு ஜீப் ஓடுறேல்லை. விரலுக்குத் தக்கதுதான் வீக்கம்."

சுண்ணாம்பை மறுபடி பூசி, ஏழங்குலத்தைப் பூட்டி, எங்களை ஏற்றி, அதே பள்ளத்தில் இறக்கினான். சுண்ணாம்பு பூசியபடி இருந்தது. மேலதிகச் சில்லையும் சேர்த்து ஐந்தும் ஏழாகவே எடுத்தான். எஞ்சினுக்குக் கொஞ்சம் கனம். சில்லு பெருத்ததால் வேக மீற்றர் முப்பது காட்டினால் வண்டி முப்பத்திரண்டில் ஓடும். எல்லாம் தெரிந்துதான் எடுத்தான். நான்தான் அரை அங்குலத்தில் மானம் போய்விட்டதென்று வழி முழுக்க முணுமுணுத்தேன்.

மார்கழியில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் காலை, அப்புத்துரையின் மகள் இலட்சுமியைக் கட்டிய மருமகன் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி வந்து நின்றான். "இலட்சுமிக்கு நோ கண்டிட்டுது. தலைப்பிள்ளை. கால் முன்னுக்கு வருகுதாம்" என்றான். சொல்லும்போதே அழுதான்.

மிசி முன்னால் ஏறினார். பின்னால் மருமகன், ஊரிலிருந்த அவன் தாய், தாயோடு நாலு பெண்கள், ஒரு மூட்டை அரிசி, தள்ளுவதற்கென்று நான். பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்களை இறக்கிவிட எங்கள் ஊரில் எவனுக்கும் மனம் வராது.

போன மாரியில் புதைந்த இடம் ஒரு வளைவு. அங்கே அப்புத்துரை எருதுகளைப் பூட்டி, கயிறும் கையுமாக மழையில் நின்றார். ஜீப் புதையத்தான் போகிறது என்று தீர்மானித்தே நின்றார். மகள் அங்கே துடிக்க, தகப்பன் இங்கே மாட்டோடு.

கதிர்காமநாதன் கியரைக் குறைத்து, நாலு சில்லையும் இழுக்கவிட்டு, ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டினான். ஜீப் களியில் இறங்கித் தணிந்தது. அந்தக் கறகறச் சத்தம் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வரவில்லை. ரயர் களியை மிதித்து மிதித்து, எருதுகளைக் கடந்து, நிற்காமல் மேட்டில் ஏறியது. சேறு அப்புத்துரையின் முகமெல்லாம் அடித்தது. அவர் கயிற்றைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே பின்னால் ஓடிவந்தார்.

என் பேச்சைக் கேட்டு ஏழரையைப் போட்டிருந்தால், பத்துப் பேரின் பாரத்தோடு அந்த வளைவில் ரயர் இறுகி நின்றிருக்கும்.

அப்புத்துரையின் வீட்டு வாசற்படியோடு ஒட்டி ஜீப்பை நிறுத்தினான். மிசி படியில் கால் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார். ஒரு மணித்தியாலத்தில் குழந்தை வீரிட்டது. பெண்பிள்ளை. இலட்சுமியும் நன்றாக இருந்தாள்.

எல்லோரும் உள்ளே எட்டிப் பார்க்க, கதிர்காமநாதன் மட்டும் வாசலில் நின்று குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். மிசியின் செருப்பு. அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"பார், மச்சான்" என்றான் என்னிடம். அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.