ஆலாக்களைத் திருடியவரோடு எட்டு நாள்

நான் ஓய்வு பெற்ற வருடம், டொரொண்டோவிலிருக்கும் என் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "உம்மா, முப்பது வருசமா விலங்கியல் படிப்பிச்சீங்க. படத்தில பார்த்ததுகள ஒருக்காவாவது நேரில பார்க்கத் தேவையில்லையா? இடத்தச் சொல்லுங்க, நான் கூட்டிப் போறன்."

நான் யோசிக்கவே இல்லை. "கலாபகோஸ் தீவுகள்" என்றேன். அது மட்டுமல்ல, எந்தக் கப்பல், எந்தப் பயணம் என்பதையும் அன்றைக்கே அவளுக்கு அனுப்பினேன். இரண்டு பாய்மரம் கொண்ட சிறிய கப்பல். பதினான்கு பயணிகள். எட்டு நாள்.

"இதெல்லாம் முன்னமே தேடி வச்சிரிந்தீங்களா?" என்று மகள் ஆச்சரியப்பட்டாள்.

"ஓம்" என்றேன்.

அந்தக் கப்பலின் இணையப் பக்கத்தின் அடியில் தொப்பி போட்ட ஒரு மனிதரின் சிறிய படம் இருந்ததை அவளுக்குச் சொல்லவில்லை. அந்தப் பயணத்தின் சிறப்புப் பேச்சாளர் அவர்தான். ஆமை பார்க்க, இலங்கையின் கிழக்குக் கரையிலிருக்கும் நிந்தவூரிலிருந்து உலகத்தின் மறுபக்கத்துக்கு முழங்கால் வலியோடு யாரும் போகமாட்டார்கள். நான் அந்த மனிதருக்காகத்தான் போனேன்.

அவரும் நானும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் கொழும்பிலிருந்து வந்தவர், நன்றாகக் கதைப்பார். நான் கதைக்கமாட்டேன், எழுதுவேன். ஒலுவிலுக்குப் பக்கத்தில் ஆறு கடலில் விழுகிற இடத்தில் அப்போது ஒரு மணல்திட்டு இருந்தது. அதில் சின்ன ஆலாக்கள் முட்டையிடும். உள்ளங்கை அளவு வெள்ளைப் பறவைகள். முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும், மிதித்தால்தான் தெரியும். மூன்று பருவம் நான் அவற்றைக் கவனித்து எழுதினேன். சண்டைக் காலம். தனியாகப் போக முடியாது. வாப்பாதான் விடியச் சுபஹு தொழுதுவிட்டு என்னைச் சைக்கிளில் ஏற்றிப் போவார். சோதனைச் சாவடியில் மறித்தால், "மகள் குருவி எண்ணப் போறா" என்பார். அவர்களும் சிரித்துவிட்டு விடுவார்கள். நான் மணலில் குப்புறப் படுத்திருப்பேன். வாப்பா குடையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். பறவை எழும்பிய நேரம், இருந்த நேரம் எல்லாம் கொப்பியின் ஓரத்தில் அவர் கையாலேயே எழுதுவார். மூன்று கொப்பி நிறைந்தது.

கடைசி வருடம் பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. எனக்குக் கலியாணம் பேசியாயிற்று. அவர் கொழும்புக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா அவருக்கு ஆட்டிறைச்சி ஆக்கி, பக்கத்தில் இருந்து பரிமாறினார். "கொப்பிகளத் தாங்க, ரெண்டு பேர்ட பேரிலயும் கட்டுரையாப் போடுவம்" என்று அவர் சொன்னார். கொடுத்தேன்.

அவர் இங்கிலாந்துக்குப் போனார். அந்தக் கொப்பிகள் அவருடைய ஆய்வாயின, பட்டமாயின. பிறகு ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் ஆயின. என் பெயர் எங்கும் இல்லை. புத்தகம் வந்த காலத்தில் அவருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. அன்புள்ள அம்மணி, தங்களை எனக்கு நினைவில்லை, வாசித்ததற்கு நன்றி.

அப்போது வாப்பா மௌத்தாகி, அடக்கம் நடந்து நாலு மாதம். மணல்திட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அந்த ஆலாக்கள் அங்கே இருந்ததற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி என் மூன்று கொப்பிகள். அந்த இரண்டு வரியை வாசித்த அன்று நான் அழவில்லை. இந்த மனிசனுக்கு ஒரு நாள் ஆட்கள் நடுவில் வைத்து என்னை நினைவுபடுத்துவேன் என்று முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு கறி ஆக்கும்போதும், வினாத்தாள் திருத்தும்போதும் அந்த முடிவு என்னோடு இருந்தது.

தீவுக்குப் போகும் விமான நிலையத்தில், வெளிநாட்டு விதை பூச்சி எதுவும் உள்ளே போகக் கூடாதென்று பைகளைச் சோதித்தார்கள். என் மாசிச் சம்பல் போத்தலை ஒரு பெண் முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, எடுத்து வைத்துக்கொண்டாள். சம்பல் போனாலும் பரவாயில்லை. கொண்டுவந்த கோபத்தை யாரும் சோதிக்கவில்லை.

கப்பலில் அவர் எங்களைக் கைகொடுத்து வரவேற்றார். தலை நரைத்து, வயிறு தள்ளி, குரல் மட்டும் அப்படியே. நான் ஹிஜாப் போட்ட, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கிழவி. என் மகளிடம்தான் கதைத்தார்.

"நீங்கள் இலங்கையா? எந்த ஊர்?"

"உம்மா நிந்தவூர். நான் கல்முனையில படிச்சன்."

"அட! அந்தக் கரையெல்லாம் நான் தவழ்ந்து திரிந்த இடம்" என்று சிரித்தார். என்னைப் பார்த்தும் தலையாட்டினார். மீன் தூண்டிலைச் சுற்றுகிறபோது தூண்டில்காரன் எப்படி இருப்பான், அப்படி இருந்தேன்.

ஐந்து நாள் பொறுத்தேன். பொறுத்தது வீணில்லை, அந்தத் தீவுகள் அப்படி. எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறை, கயிறு கயிறாகச் சுருண்டு கிடந்தது. அதில் கடல் உடும்புகள் நூற்றுக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று படுத்து, மூக்கால் உப்புத் தண்ணீரைத் தும்மின. பறக்கத் தெரியாத நீர்க்காகம் ஒன்று என் சப்பாத்துக்குப் பக்கத்தில் பாசியைக் கொண்டுவந்து கூடு கட்டியது. அங்கே ஒன்றுக்கும் மனிசனைப் பயமில்லை. தொழுகை நேரத்தில், மக்கா பக்கம் திரும்புவதற்காக, கப்பல்காரரிடம் வடகிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்பேன். அவர் திசைகாட்டியைப் பார்த்துக் கையை நீட்டுவார். நான் தொழுது முடிப்பதற்குள் கப்பல் திரும்பிவிடும். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்து, பழிவாங்கப் போகிறேன் என்று அல்லாஹ்விடம் மறைக்காமல் சொன்னேன்.

ஒவ்வொரு பின்னேரமும் கூடத்தில் அவர் பேசினார். மற்றப் பறவை பிடித்த மீனை நடு வானத்தில் பறித்துத் தின்னுகிற கறுப்புப் பறவையைப் பற்றி ஒரு நாள். திருட்டைப் பற்றி அவர் அருமையாகப் பேசினார். நான் முதல் வரிசையில் இருந்து கேட்டேன்.

ஆறாம் நாள் கடலாலாக்கள் எங்கள் பாய்மரத்தைச் சுற்றிப் பறந்தன. அன்றைய பேச்சு ஆலாக்களைப் பற்றியது. தன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இளம் வயதில், போர் நடந்துகொண்டிருந்த ஒரு கரையில், நான் மூன்று பருவம் மணலில் படுத்துக் கிடந்தேன். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் இருக்கும். அதை என் கண்ணால் பார்த்தேன்." புத்தகத்தின் நடுவில் ஒரு படத்தைக் காட்டினார். தமிழில் எழுதிய ஒரு கொப்பிப் பக்கம். அடியில், ஆசிரியரின் களக் குறிப்பேடு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

நான் கையை உயர்த்தினேன். "நானும் அந்த மொழியில் எழுதுவேன். எழுதிக் காட்டட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"தாராளமாக" என்றார் மகிழ்ச்சியாக.

கூடத்தில், அடுத்த நாளின் நிகழ்ச்சிகளை எழுதிவைக்கிற வெள்ளைப் பலகைக்கு எழும்பிப் போனேன். படத்தைப் பார்க்காமல், அந்தப் பக்கத்தின் முதல் வரியை எழுதினேன். வெயில் ஏறியதும் தாய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் இருந்தது. வாப்பா எனக்கு எழுத்துப் பழக்கும்போது பழைய 'னை' தான் பழக்கினார். யானைத் தும்பிக்கை போல மேலே வளைகிற எழுத்து. இன்றைக்கும் நான் அப்படித்தான் எழுதுவேன்.

"இப்ப ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றேன்.

முன்னால் இருந்த ஸ்கொட்லாந்துக்காரி, ஓய்வு பெற்ற பல் வைத்தியர், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பலகையருகே கொண்டுவந்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். தும்பிக்கையில் விரல் நின்றது. "இது ஒரே கை" என்றார்.

"எங்கள் தலைமுறையில் பலர் இப்படித்தான் எழுதினார்கள்" என்றார் அவர். குரல் இன்னும் உடையவில்லை.

"அப்போ ஓரத்தில இருக்கிற நேரங்கள்? அது வேற கை. அது யார்ட?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

"என் உதவியாளர்."

அதற்குப் பிறகு நான் ஆங்கிலத்தை விட்டுவிட்டேன். "உதவியாளரா? அது என்ட வாப்பாட கை. நீங்க கொப்பி வாங்க வந்த அண்டைக்கு உங்களுக்கு ஆட்டிறைச்சி ஆக்கிப் பக்கத்தில இரிந்து பரிமாறின மனிசன். 'எலும்பத் தள்ளி வையுங்க தம்பி, சதையா எடுங்க' எண்டு சொன்ன மனிசன். இப்ப என்னை ஞாபகம் வருதா?"

அவர் என்னைப் பார்த்தார். ஹிஜாபுக்குள்ளே, சுருக்கத்துக்குள்ளே தேடித் தேடிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். பதின்மூன்று பேரும் கப்பல்காரரும் அதைப் பார்த்தார்கள். நடந்ததை அவர்களுக்கு ஆங்கிலத்தில் நாலு வசனத்தில் சொன்னேன். இருபது வருடத்துக்குக் கிட்ட வாய்க்குள் வைத்திருந்த வசனங்கள், ஒரு சொல்லும் தடுக்கவில்லை. பல் வைத்தியர் முதல் நாள் கையொப்பம் வாங்கிய தன் புத்தகத்தை அவருக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள்.

எனக்கு அது இனித்தது. இதை மறைத்து எழுத மாட்டேன்.

இனிக்காதது மகளுடைய முகம். அறைக்கு வந்ததும் கேட்டாள்: "இதுக்காகத்தானா உம்மா இந்தக் கப்பல்? நான் நெனச்சன், நீங்களும் நானும் ஒண்டா ஒரு பயணம் போறம் எண்டு."

"சொன்னா நீ விட்டிரிக்க மாட்டாய்" என்றேன்.

"ஓம், விட்டிரிக்க மாட்டன்தான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் மேல்தளத்தில் அவர் தனியாக நின்றார். என்னைக் கண்டதும் கிட்ட வந்தார். "தங்கச்சி, எனக்கு மாப்புத் தாங்கோ. அந்த நேரம் வயசு, பயம், ஒரு பேர் எடுக்க வேணுமெண்ட வெறி. பிறகு திருத்துவம் திருத்துவம் எண்டு காலம் போயிற்று."

"கடிதம் வந்த நேரம் என்னை ஞாபகம் இரிந்ததா?"

தலை குனிந்தார். "இருந்தது."

"கொப்பிகள் எங்க? அதத் தாங்க. மிச்சத்தப் பிறகு கதைப்பம்."

அவர் கடலைப் பார்த்தார். "வீடு மாறின நேரம் எறிஞ்சிட்டன். அந்த ஒரு பக்கத்தின்ர படம் மட்டும்தான் இருக்கு."

வாப்பாவின் எழுத்து வேறு எதிலும் எங்கள் வீட்டில் இல்லை. வீட்டையும் அலமாரியையும் கடல் எடுத்துவிட்டது. அந்தக் கொப்பிகள் இங்கிலாந்தில் ஏதோ ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நான் கோபப்பட்டிருக்கிறேன். என் கோபத்துக்குள்ளே அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"எங்கட மார்க்கத்தில ஒண்டு இரிக்கு" என்றேன். "மனிசனுக்குச் செஞ்ச அநியாயத்த, அந்த மனிசன் பொறுக்காம அல்லாஹ்வும் பொறுக்கமாட்டான். நான் பொறுக்கல்ல. மறுமையில வந்து கேளுங்க, அங்க பார்ப்பம்."

அவர் அதன் பிறகு சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. மீதிப் பேச்சுகளை அந்தத் தீவுக்கார வழிகாட்டிப் பெண் பேசினாள், அவரைவிட நன்றாக.

அன்று மத்தியானம் மேட்டு நிலத்தில் ராட்சத ஆமைகளைப் பார்க்கப் போனோம். மகள் என்னோடு கதைக்காமல்தான் வந்தாள். மழை தூறியது. சேற்றில் கிடந்த ஆமை ஒன்று கழுத்தை நீட்டி, புல்லைக் கடித்து, எங்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றது. கால் மணித்தியாலம் நகரவில்லை. கடைசியில் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மூத்தப்பாட எழுத்த நேத்து வரைக்கும் நானும் கண்டதில்லையே உம்மா" என்று என் வாப்பாவைச் சொன்னாள். என் கையை விடாமல், "ஆனா நீங்க எனக்குச் சொல்லியிரிக்க வேணும்" என்றாள். அதில் அவள் சொன்னது சரி. அவளிடம் நான் மாப்புக் கேட்டேன். அவளிடம் மட்டும்தான்.

ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் அவருடைய மின்னஞ்சல் வந்தது. அடுத்த பதிப்பில் நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போடுவதாக எழுதியிருந்தார். நன்றிப் பக்கம் வேண்டாம், அந்தப் படத்தின் அடியில் என் பெயரும் வாப்பாவின் பெயரும் வர வேண்டும், ஆசிரியரின் என்ற சொல் போக வேண்டும் என்று பதில் போட்டேன். பதிப்பகத்துக்கும் பிரதி அனுப்பினேன். பதிப்பகம் ஒப்புக்கொண்டது. படத்தின் பெரிய பிரதி ஒன்றையும் அனுப்பி வைத்தார்கள். அதில் வாப்பாவின் கை பதினொரு இடத்தில் இருக்கிறது. 6.10, 6.14, 6.31.

போன மாதம் கல்முனையில் நான் படிப்பித்த பாடசாலையில், பயணத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு கதைக்கக் கூப்பிட்டார்கள். உடும்பு தும்முவதைச் சொன்னேன், பறக்காத நீர்க்காகத்தைச் சொன்னேன். பின் வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், அவ்வளவு தூரம் என்னத்துக்குப் போனீங்க? பறவை பார்க்கவா?"

"இல்ல புள்ள" என்றேன். "ஒருத்தர அவமானப்படுத்தப் போனன்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதிபர் இருமினார். நான் சிரிக்காததைக் கண்டு அந்தப் பிள்ளை மட்டும் சிரிப்பை நிறுத்தினாள்.

"செஞ்சீங்களா டீச்சர்?"

"செஞ்சன்" என்றேன். "இரிங்க, முழுக்கச் சொல்றன்."