எட்டுச் செருப்பு

எட்டு. அடுத்த வாசலிலும் எட்டு. அதற்கடுத்த அறை வாசலில் ஆறு. ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வரை ஞானதீபம் நகர்வதில்லை. ஆட்களின் முகத்தை அவர் அப்புறம்தான் பார்ப்பார்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். பெண்ணாக இருந்தாலும் பெயர் அதுதான்: போர்மேன் அக்கா. மருந்து நிரப்பும் அறைகள் பன்னிரண்டும் அவர் பொறுப்பு. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். காலோடு மண் போய் மருந்தில் உரசிவிடக் கூடாது என்பதால் செருப்பு வெளியே கிடக்கும். எட்டுக்கு மேல் ஒன்று கிடந்தாலும் வேலை நிற்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "ஏடி, எட்டுச் செருப்பு வருது, வாய மூடு."

காலையில் கேட்டிலேயே கொலுசு, ஊக்கு, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார். நைலான் சேலையில் வந்தால், அது உரசிப் பொறி தட்டும் என்று உள்ளே விடமாட்டார். அன்றைய கூலி போகும்படி திருப்பி அனுப்பவும் மாட்டார். அவர் பையில் துவைத்து மடித்த நூல் சேலைகள் இரண்டு எப்போதும் இருக்கும். "கட்டிட்டு வா. நாளைக்குத் தொவச்சுக் கொண்டா." இத்தனை பேர் நடுவே சேலை மாற்ற வைத்தாரே என்று சிலர் காதுபடவே திட்டுவார்கள். அவர் குரலை உயர்த்துவதில்லை. "வீட்டுக்குப் போயி வையிங்க. வீட்டுக்குப் போகணும்ல?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும் அவர் கண் தரைக்குப் போகிறது. மதுரையில் நர்ஸாக இருக்கும் மகள் பியூலா ஒருமுறை காதோரம் சொன்னாள்: "எம்மா, இது கம்பெனி இல்ல. ஆண்டவர் எம்புட்டுப் பேர வேணும்னாலும் உள்ள விடுவாரு."

எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி ஒன்றும் அவரிடம் உண்டு. ஒரே வீட்டு ஆட்கள் இருவர் ஒரே அறையில் இருக்கக் கூடாது. தாய் மூன்றாம் நம்பர் என்றால் மகள் பத்து. இதில் குறை சொல்லாதவர்கள் மாமியார் மருமகள்கள் மட்டும்தான்.

நாலு வருடத்துக்கு முன், வேறொரு கம்பெனியில் அவர் இருந்தபோது, இந்த விதி இல்லை. வள்ளித்தாய் என்பவள் புருஷனைப் பறிகொடுத்து, காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்தாள். ஒரே வீட்டில் இருந்த அவளுடைய அக்காளின் அறையில் ஏற்கெனவே நாலு பேர். "வாசப்படி ஓரமா உக்காந்துக்கிடுறேன்க்கா. தனியா இருந்தா அவரு நெனப்பாவே வருது. இன்னைக்கு ஒரு நாளு." ஞானதீபம் தலையாட்டினார். பதினொன்றரை மணிக்கு அந்த அறை இல்லை. சிதறிக் கிடந்த செருப்புகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தபோது பத்து இருந்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு உடல்கள் போயின. விசாரணையில் உராய்வு என்று எழுதினார்கள். ஐந்தாவது ஆளை உட்கார வைத்தது நான்தான் என்று, யாரும் கேட்கும் முன்பே ஞானதீபம் சொன்னார். இன்றும் வாய்தாவுக்குப் போய் வருகிறார். அந்த நாளுக்குப் பிறகு எந்த மருந்து அறைக்குள்ளும் அவர் உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்றபடியே வேலை வாங்குவார்.

இந்த சீசனில் ஆள் பற்றவில்லை. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்களில் சிலரை மருந்து அறைக்கு மாற்றினார்கள். அவர்களில் ஒருத்தி அழகுமீனா. இருபது வயது. வள்ளித்தாயின் மகள்.

திங்கட்கிழமை காலை அவள் ஆறாம் நம்பர் வாசலில் நின்றாள். உள்ளே அவள் அத்தை செல்லத்தாய்.

"நான் அத்தை கூட இருந்துக்கிடுறேன்க்கா."

"அங்கன நாலு பேரு இருக்காக. ஒனக்கு ஒம்போது."

"ஒம்போதுல ஒருத்தரையும் தெரியாது. பயமா இருக்கு."

உள்ளிருந்து செல்லத்தாய் பரிந்துகொண்டு வந்தாள். "சின்னப்புள்ளக்கா. வாசப்படி ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

"வாசப்படி ஓடி வாரதுக்கு, செல்லத்தாயி. உக்காரதுக்கு இல்ல."

அழகுமீனா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"எங்கம்மாவ மட்டும் உக்கார விட்டீகள்ல?"

ஆறாம் நம்பரில் கை வேலை நின்றது. பக்கத்து அறையிலும் நின்றது. ஞானதீபம் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"விட்டேன்" என்றார். "அதான் ஒன்னைய விடல."

ஒன்பதாம் நம்பர் வரை இருவரும் நடந்தார்கள். வாசலில் இரண்டு ஜோடி கிடந்தது. அழகுமீனா தன் செருப்பைக் கழற்றிவிட்டாள், ஆனால் படியேறவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது. உள்ளே இருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஞானதீபம் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். குனிந்து ஒருமுறை எண்ணினார். பிறகு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துவிட்டு, முதலில் உள்ளே போய் உட்கார்ந்தார்.