அண்ணா அச்சடித்த கதவு

எங்கள் அண்ணா முல்லைத்தீவில், கடற்கரையை ஒட்டிய வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான். எனக்குப் பின் தங்கச்சி. ஐயா நோயில் போனபின் குடும்பத்தைச் சுமந்தவர் அவரே.

போரில் இடம்பெயர்ந்தபோது வாசல் கதவைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கொட்டிலுக்கு அதுதான் கதவு. பதுங்குகுழிக்கு அதுதான் கூரை. கடைசி மாதங்களில் ஒரு காலை, கஞ்சி வாங்கப் போன தங்கச்சி திரும்பி வரவில்லை. கதவடியில் நின்று பார்த்தோம். பிறகு கதவையும் விட்டுவிட்டு நடந்தோம்.

போர் முடிந்தபின் அண்ணா ஷார்ஜாவுக்கு வந்து, கம்பெனிச் சட்டைகளில் பெயர் அச்சடிக்கும் கடையில் சேர்ந்தார். நான் வளைகுடா நாடுகளில் சலாலா, மங்காஃப், ருவைஸ் என்று எங்கும் நிலைக்காமல் திரிந்தேன். வேலை போனபோதெல்லாம் அவருடைய ரூமில்தான் படுத்தேன். ஏன் வந்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. விமானம் தாழப் பறந்தால் மட்டும் சோற்றுக் கோப்பையோடு கட்டிலடியில் குனிவார். பிறகு எழும்பி மிச்சத்தைச் சாப்பிடுவார்.

ஒரு விடுமுறையில், கடையில் மிஞ்சிய நீலத்திலும் கறுப்பிலும் ஒரு படம் அச்சடித்தார். இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது அதுதான். நடுக்கடலில் ஒரு பூட்டிய கதவு. சாவித்துவாரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு காது. தண்ணீரின் மேல் வெறும் செருப்புகள், கஞ்சிக்கு நிற்பதுபோல் வரிசையாக.

ரூமிலிருந்த தஞ்சாவூர்த் தம்பி, “ஏண்ணே, உங்க ஊர்ல கடலுக்குள்ளதான் வீடு கட்டுவீங்களா?” என்று சிரித்தார்.

“கட்டேல்லையடா. விட்டிட்டு வந்தது.”

அன்றிலிருந்து அந்தப் படத்தைத் தூசி துடைத்தவர் அந்தத் தம்பிதான்.

ஊருக்கு ஒரு பிரதி அனுப்பினார். அம்மா போனில் கேட்டது ஒன்றுதான்: “கதவு திறந்திருக்கிறமாதிரிப் படத்தைக் கீறிவிடு ராசா. பிள்ளை வரட்டும்.”

அண்ணா சொன்னார்: “பூட்டியிருக்கும் வரைக்கும்தான் அம்மா, அவள் உள்ளுக்க இருக்கிறாள்.”

ஒவ்வொரு அழைப்பிலும் அம்மா கேட்டார். அண்ணா திறக்கவில்லை.

போன மாதம் வேலைக்குப் புறப்பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். எழும்பவில்லை.

அவரை ஊர் சேர்க்க அலைந்த கடை முதலாளிக்கும், என்னைத் தனியே விடாத ரூம் உறவுகளுக்கும், முப்பத்தோராம் நாள்வரை எங்களுக்கு உலை வைத்த அயலவர்க்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

அட்டையை வடிவமைத்த பிள்ளை, கதவைத் திறந்ததுபோல் மாற்றித் தரலாம் என்றார். இத்தனை வருடம் கேட்டவராயிற்றே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம். பூட்டியே இருக்கட்டும். இப்ப ரெண்டு பிள்ளையள் எல்லே உள்ளுக்க.”

— தம்பி